ஞாயிறு முதல் புதன் வரை

மக்கா,

இந்தப் பக்கத்தில் மாதாமாதம் கணினியைப் பற்றி எழுதுகிறேன். காலத்தையும் சேர்த்துச் சேமிக்கும் தரவுத்தளங்களைப் பற்றி இந்த மாதம் எழுதுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன், ஆனால் உனக்கு எழுதுகிறேன். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் நான் 'அப்பா' என்று தொடங்கினாலே 'மீட்டிங் இருக்கும்மா' என்று வைத்துவிடுகிறாய். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. ஆனால் இந்தப் பத்தியை நீ படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன வருடம் நான் எழுதியதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துக் குறுஞ்செய்தி அனுப்பினாய். பிழைதிருத்தம் தவிர அதில் ஒரு சொல்லும் இல்லை. பெங்களூரில் உட்கார்ந்து அம்மாவின் கட்டுரையில் பிழை தேடுகிற அளவுக்காவது உனக்கு எங்கள்மேல் அக்கறை இருக்கிறது என்று அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா பிழைக்க மாட்டார். நுரையீரலில் தொடங்கியது எலும்புக்குப் போய்விட்டது. நாகர்கோவிலில் பார்த்த டாக்டர், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். கோட்டாற்று வீட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டிருக்கிறோம். தெருச் சத்தம் கேட்க வேண்டும் என்று அவர்தான் அங்கே போடச் சொன்னார். அவர் உன்னை வரச்சொல்லவில்லை. சொன்னதாக எழுத என்னால் முடியும், நீயும் நம்பக்கூடும், ஆனால் எழுதமாட்டேன். நான்தான் உன்னை வரச்சொல்கிறேன். வந்தால் உன்னிடம் ஒன்று கேட்கப்படும். அது லேசான காரியம் இல்லை. அது என்ன என்று தெரிந்துகொண்டு நீ வர வேண்டும், இல்லையென்றால் தெரிந்துகொண்டு வராமல் இருக்க வேண்டும். அதைச் சொல்வதற்கு எனக்கு நான் நடத்துகிற பாடம் தேவைப்படுகிறது. வேறு மொழி எனக்கு வரவில்லை. ஊர்ப் பெயர்களைத் தவிர மற்ற பெயர்களை மாற்றியிருக்கிறேன். உன் தங்கைக்கு, அவள் தன் பொம்மைக்கு வைத்திருந்த பெயரையே இங்கே வைத்துக்கொள்கிறேன். மின்னி.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நீயும் மின்னியும் குளச்சலில் உன் அப்பாவின் அக்கா செலின் மாமி வீட்டில் இருந்தீர்கள். உனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு எட்டு. சாயங்காலம் அப்பா வந்து கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. காலைப் பூசை முடிந்து கரைக்கு வள்ளம் பார்க்கப் போனீர்கள். கடல் ஏறி வந்தது. அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. நீ அதற்குள் இருந்தாய், நான் இல்லை. மதியம் அப்பா போய்ச் சேர்ந்தபோது ஐஸ் கம்பெனி மொட்டைமாடியில் உன்னைக் கண்டுபிடித்தார். "உனக்க தங்கச்சி எங்கலே?" என்று கேட்டதற்கு நீ, அவள் கோயில் படியில் ஏறிவிட்டாள், நான் பார்த்தேன் என்று சொன்னாய். மஞ்சள் பாவாடை என்றுகூடச் சொன்னாயாம். அப்பா அந்த இடத்திலேயே உன்னைத் தூக்கி, பன்னிரண்டு வயதுப் பையனை, கைக்குழந்தையைப் போல முத்தமிட்டாராம். செலின் மாமி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

கோயிலுக்குள் ஏறியவர்களை மதியத்துக்குள் லாரிகளில் ஏற்றிக் கடலைவிட்டுத் தள்ளி உட்பக்கமாகக் கொண்டுபோயிருந்தார்கள். யாரை எங்கே இறக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அப்பா கடற்கரையில் தேடவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையைக் கரையில் கிடத்தியிருந்தவர்கள் நடுவே யாராவது தேடுவார்களா? பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, மண்டபம் மண்டபமாகப் போனார். அருமனைப் பக்கம் வீடுகளில் சில பிள்ளைகளைத் தங்கவைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே பைக்கை ஓட்டிக்கொண்டு வீடு வீடாக விசாரித்தார். திங்கட்கிழமை அதற்குப் புறப்படும் முன் கோட்டாற்றில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினார். வெறுங்காலோடு நிற்பாள், ரப்பர்த் தோட்டத்தில் அட்டை கடிக்கும் என்றார். எந்த அளவு என்று கடையிலிருந்து எனக்குப் போன் போட்டுக் கேட்டார். நான் சொன்னேன். கூடவே, கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள், வளர்கிற கால் என்றும் சொன்னேன்.

உன்னைக் காய்ச்சலோடு கோட்டாற்றுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தோம். செலின் மாமியை உனக்குத் துணை வைத்துவிட்டு, நான் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்கு மின்னியைக் கேட்டுப் போனேன். அங்கே ஒரு மடிக்கணினி இருந்தது. அதை இயக்க ஆள் இல்லை. கல்லூரியில் கணினி நடத்துகிறவள் என்று தெரிந்ததும் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். உட்கார்ந்தால் வருகிற பெயர்கள் எல்லாம் முதலில் என் கண்ணில் படும் என்று நானும் உட்கார்ந்தேன். பெயர், வயது, ஊர், நிலை என்று அவசரமாக ஓர் அட்டவணை போட்டேன். நிலை என்ற கட்டத்தில் மூன்று சொற்களில் ஒன்றுதான் வரும்: உயிருடன், காணவில்லை, இறந்தவர். ஆள் வந்து புதுச் செய்தி சொன்னால் பழைய சொல்லின் மேல் புதிய சொல்லை அடிப்பேன். முதலில் நான் அடித்த பெயர்களில் ஒன்று மின்னியுடையது. நிலை: உயிருடன். நீ சொல்லியிருந்தாயே.

செவ்வாய்க்கிழமை ஒரு அக்கா வந்தார். முந்தின நாளும் வந்திருந்தார். மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"டீச்சரே, எனக்க மவனுக்க பேரு நேத்து உசுரோட உள்ளவியளுக்க கூட்டத்துல இருந்துதே. இன்னைக்கி வாசிச்சப்ப இல்லியே."

பார்த்தேன். காணவில்லை என்று இருந்தது. இரவு எனக்குப் பதிலாக உட்கார்ந்த யாரோ ஒரு பையன் திருத்தியிருக்க வேண்டும்.

"காணாமப் போனவங்கள்ல இருக்குதுக்கா."

"அப்பம் நேத்து ஆரு பாத்தாவ? அந்த ஆளுக்க பேரச் சொல்லுங்க. நான் போய்க் கேட்டுக்கிடுதேன்."

"அது இப்ப இதுல இல்லக்கா. மாத்தியாச்சு."

"மாத்தியாச்சா? ஆரு மாத்தினா? எப்பம் மாத்தினா?"

எனக்குத் தெரியவில்லை. கணினிக்கும் தெரியவில்லை. அந்த அக்கா பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "படிச்ச பிள்ளைன்னு உக்கார வச்சிருக்காவ பாரு. நேத்து முழுக்க எனக்க மவன் இருந்தான், ராத்திரியோட ராத்திரி இவளுக்க பொட்டி முழுங்கிப்போட்டு. தூக்கிக் கடல்ல எறியுங்கடே!" என்றார். யாரோ சிரித்தார்கள். அந்த நாட்களிலும் மனிதர்கள் சிரித்தார்கள், மக்கா. அதை நீ நம்ப வேண்டும்.

அதற்கு முந்தின மாதம்தான் நான் வகுப்பில் இதையே நடத்தியிருந்தேன். பழையதை அழித்துப் புதியதை எழுதும் அட்டவணை இந்த நொடியின் புகைப்படம் மட்டுமே, அதற்கு நேற்று கிடையாது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தேன். நேற்று வேண்டுமென்றால் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் 'எப்போதிலிருந்து', 'எப்போது வரை' என்று இரண்டு கட்டங்கள் வைக்க வேண்டும். இதை நடந்த காலம் என்று வைத்துக்கொள்வோம். உலகத்தில் ஒரு செய்தி எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை உண்மையாக இருந்தது என்பதை அது சொல்லும். இவ்வளவும் எனக்குத் தெரியும். அவசரத்தில் அந்த இரண்டு கட்டங்களைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சேர்த்திருந்தாலும் அந்த அக்காவுக்கு நான் பதில் சொல்லியிருக்க முடியாது என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் புரிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா அருமனையிலிருந்து திரும்பி வந்தார். நானும் முகாமிலிருந்து வந்திருந்தேன். செருப்பு பைக்கின் பெட்டியிலேயே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தவர், நாளைக்கு மார்த்தாண்டம் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். நீ போர்வைக்குள்ளிருந்து எழுந்து வந்து நின்றாய்.

"அப்பா, போகாண்டாம்."

"ஏம்லே?"

"அவ கோயிலுக்கு ஏறல. நான் பாக்கல. நான் அவளுக்க கைய விட்டுட்டேன்."

"என்னலே சொல்லுத?"

"தண்ணிக்குள்ள போயிட்டா. நான் மாடிக்கி ஏறினேன்."

அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "அப்பம் அண்ணைக்கி ஏன்லே அப்பிடிச் சொன்ன?" என்றார். நீ பதில் சொல்லவில்லை. அன்று மட்டுமில்லை, இன்று வரை சொல்லவில்லை. அவர் எழுந்து குளச்சலுக்குப் போனார். அதற்கு முந்தின நாளே குழியை மூடிவிட்டிருந்தார்கள். கரையில் கிடந்தவர்களில் அடையாளம் தெரியாதவர்களை எல்லாம் ஒரே குழியில் வைத்து மூடியிருந்தார்கள். வேறு வழி இருந்திருக்காது. மின்னி அதில் இருக்கிறாளா, கடலிலேயே போய்விட்டாளா என்று நமக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. மறுநாள் நான் முகாமுக்குப் போய் அவள் பெயருக்கு நேரே இருந்த 'உயிருடன்' என்ற சொல்லின் மேல் 'இறந்தவர்' என்று அடித்தேன். நொடியில் மாறிவிட்டது. பழைய சொல் இருந்த சுவடே இல்லை. பிற்பாடு வந்த சான்றிதழில் ஞாயிற்றுக்கிழமை தேதி போட்டிருந்தது. அது சரியான தேதிதான்.

அதன் பிறகு அப்பா உன்னோடு நேராகப் பேசியதில்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை, பள்ளிக்கட்டணம் ஒருநாள் தாமதித்ததில்லை. "அவன சாப்பிடச் சொல்லு", "அவனுக்கு மழக்கோட்டு இருக்கான்னு கேளு" என்று எல்லாம் என் வழியாகவே வந்தன. ஒரே அறையில் மூன்று பேர் இருப்போம், அவர் சொல்வது உன் காதில் விழும், நான் அதைத் திரும்ப உன்னிடம் சொல்வேன், நீ என்னிடம் பதில் சொல்வாய், அதை நான் அவரிடம் சொல்வேன். வெளியாள் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். பிளஸ்டூ முடிந்ததும் நீ வெளியூர்ப் படிப்புக்குப் போனது படிப்புக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். கடைசியாக வந்தபோது ஒரு ராத்திரிகூடத் தங்காமல் போனாய்.

உன் பொய்யால் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போயிற்று, அதை அவரால் மன்னிக்க முடியவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். செலின் மாமியும் அப்படித்தான் சொல்வார். இத்தனை வருடமும் நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஒருநாளும் நினைத்ததில்லை என்று சொல்லவும் மாட்டேன். அந்தப் படியில் மஞ்சள் பாவாடை கட்டிய ஏதோ ஒரு பிள்ளை ஏறியிருக்கலாம். அது அவளாக இருக்க வேண்டும் என்று உன் கண் முடிவுசெய்திருக்கலாம். நான் உன்னைக் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தது உனக்குச் செய்த நன்மை என்று நினைத்துக்கொண்டேன். அது நன்மையாக இருந்ததா என்று நீதான் சொல்ல வேண்டும்.

இனி இந்த மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவின் என்ஜின் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் மெக்கானிக்காக இருக்கும் தாசன் மதியம்தோறும் வந்து பார்த்துவிட்டுப் போவார். அன்றும் வந்தார். "ஓய், நீரு இண்ணைக்கித் தெளிஞ்சு இருக்கீரே. நெத்திலிக் கறி மணம் வந்ததும் எழும்பி உக்காந்தாச்சு போல" என்றார். அப்பா, "டாக்டரு சொன்ன காலம் போன வாரமே கழிஞ்சுது. இது எக்ஸ்ட்ரா டைமாக்கும். இனி எவன் கோல் அடிச்சாலும் கணக்கு உண்டு" என்றார். இரண்டு பேரும் இருமும் வரை சிரித்தார்கள். தாசன் போன பிறகு நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கட்டுரைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

"டீச்சரே, இந்த மாசம் என்ன புளுவுத?" என்று கேட்டார்.

"ரெண்டு காலத்தப் பத்தி."

"ரெண்டா? மனுசனுக்கு ஒண்ணே ஒழுங்கா இல்ல."

அவருக்குப் புரியும்படி ஊதிய உயர்வைச் சொன்னேன். எனக்கு ஜூன் மாதம் ஓர் ஆணை வந்தது. ஜனவரியிலிருந்தே என் சம்பளம் கூடுதல் என்று அதில் இருந்தது. ஜனவரியிலிருந்து என்பது நடந்த காலம். அது நமக்குத் தெரியவந்து ஏட்டில் ஏறியது ஜூனில். அது பதிந்த காலம். இப்போது ஒருவர், மார்ச்சில் இந்த டீச்சரின் சம்பளம் என்ன என்று கேட்டால் இரண்டு பதில் உண்டு. இன்றைக்கு நமக்குத் தெரிந்தபடி மார்ச்சில் என்ன, மார்ச்சில் நமக்குத் தெரிந்தபடி மார்ச்சில் என்ன. நல்ல தரவுத்தளம் இரண்டையும் வைத்திருக்கும். அதில் திருத்தம் என்றால் அழிப்பது இல்லை. பழைய வரிக்கு 'இதுவரை இப்படி நம்பினோம்' என்று ஒரு முடிவுத் தேதி போட்டு மூடிவிட்டு, அடியில் புதிய வரியைச் சேர்ப்பார்கள். மூடிய வரியை யாரும் தொட முடியாது. எழுதியவராலும் முடியாது.

"அரியர்ஸ் விசயம்" என்றார்.

"ஆமா. அதுதான்."

நான் மறுபடி குறிப்பு எழுதக் குனிந்தேன்.

"அப்பம் பிள்ளக் காரியம்?" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் தானாக மின்னியைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் பேனாவை மூடிவைத்தேன்.

"ஞாயித்துக்கெழம அவ போயாச்சு. செரி. அது நடந்தது. ஆனா புதங்கெழம வரெ எனக்கு அவ இருந்தாளாக்கும். நான் அருமனையில ஒவ்வொரு வீட்டுக் கதவா முட்டும்போ, இந்த வீட்டுல இருப்பா, இந்த வீட்டுல இருப்பான்னு… ஏட்டி, அந்த மூணு நாளும் நான் அவளப் பெத்த நாளவிட அவளுக்கு அப்பனா இருந்தேன். அதுக்கப்புறம் அவன் வந்து நிண்ணு ஒரே சொல்லுல எல்லாத்தையும் இல்லன்னு ஆக்கிட்டான். முன்ன உள்ளது முழுசும் பொய்யாயிப்போச்சு. செருப்பு வாங்கினேம்லா? அது கிறுக்கன் வாங்கின செருப்பா?"

"இல்ல."

"பின்ன?"

"உசுரோட உள்ள பிள்ளைக்கி அதுக்க அப்பா வாங்கின செருப்பு. அது அப்பிடித்தான் இருக்கும். புதங்கெழம வந்த செய்தி அத மாத்த முடியாது."

"ஒனக்க பாடத்துல அப்பிடி இருக்கா?"

"இருக்கு."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் தொடவில்லை. அவர் உன்னிடம் பேசாமல் இருந்தது நீ பொய் சொன்னதற்காக இல்லை, அதைத் திருத்தியதற்காக என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ அவரிடமிருந்து பறித்ததாக அவர் நினைத்தது மின்னியின் உடலை இல்லை, அவள் உயிரோடு இருந்த கடைசி நாட்களை. உண்மையைச் சொன்னதற்காக ஒரு பிள்ளையைத் தண்டித்திருக்கிறார். அது நியாயம் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு காலமும் இவ்வளவு தவறான காரணத்தை நினைத்துக்கொண்டு நீ அந்த வீட்டில் வளர்ந்தாய் என்பது மட்டும் அன்று மதியம் என்னைப் போட்டு அறுத்தது. சரியான காரணம் அதைவிடக் கொடுமையானதா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இரண்டு கால முறையைக் கணிதமாக எழுதுகிறவர்கள் அதை ஒரு தாளில் வரைவார்கள். கிடைக்கோட்டில் நடந்த காலம், நிலைக்கோட்டில் பதிந்த காலம். ஒவ்வொரு செய்தியும் தாளில் ஒரு பரப்பாக இருக்கும். 'மின்னி உயிரோடு இருக்கிறாள்' என்ற செய்தியை நான் வரைந்து பார்த்தேன். ஞாயிறு காலை வரையுள்ள அவளுடைய எட்டு வருடமும் ஒரு பட்டையாக மேல்நோக்கிப் போகிறது. அவள் வாழ்ந்தாள் என்பது என்றைக்கும் மாறாதது, ஆகையால் அந்தப் பட்டைக்கு மேலெல்லை இல்லை. அதன் வலப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ஞாயிறு முதல் புதன் வரை, நம்பிக்கை நாளுக்கு ஒரு நாளாக நீண்டதால், சின்னதாக ஒரு முக்கோணம். நடக்காத வாழ்க்கை அது, ஆனால் நம்பப்பட்டது. புதன் சாயங்காலத்தில் அது நேர்க்கோடாக வெட்டுப்பட்டு நிற்கிறது. அதற்கு மேல் வெள்ளைத் தாள். எந்தத் திருத்தமும் அந்த முக்கோணத்தைப் பெரிதாக்க முடியாது, அழிக்கவும் முடியாது. முகாமில் அந்த அக்கா என்னிடம் கேட்டது இதைப் போன்ற ஒன்றைத்தான். மகன் எங்கே என்று கேட்கவில்லை, அவன் இருந்த நேற்றைக் கேட்டார். என்னிடம் இல்லை.

இந்த இரண்டு கால முறை யாரையும் ஆறுதல்படுத்துவதற்காக உண்டாக்கப்பட்டதில்லை. வங்கிக்கும் காப்பீட்டுக்கும் உண்டாக்கியது. இதில் மன்னிப்பு என்று ஒரு கட்டம் கிடையாது. ஆனால் இதை இருபது வருடம் படித்தும் நடத்தியும் நான் கற்றுக்கொண்ட ஒன்றை உனக்குச் சொல்லலாம். ஒருவர் செய்ததை எடைபோட வேண்டுமென்றால், அவர் அதைச் செய்த நாளில் திறந்திருந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பின்னால் வந்து சேர்ந்ததை முன்னால் தள்ளக்கூடாது. தண்ணீருக்குள் நின்ற பையனுக்கு, மாடியில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது என்று அப்போது தெரியாது. அந்தப் பையனைப் பற்றி நீ உனக்குள் கேள்வி கேட்கும்போதெல்லாம் இன்றைய தேதியை வைத்துக்கொண்டு கேட்கிறாய். பதிலும் அதற்கேற்ற பதிலாக வருகிறது. உன் அப்பாவும் அதைத்தான் செய்தார், தன்னையே கிறுக்கன் என்று வைத்துக்கொண்டார்.

அன்று மதியம் அவர் மறுபடி என் பக்கம் திரும்பியபோது, "அவன் மொதல்ல எப்பிடிச் சொன்னான்? ஒனக்கு ஓர்மை இருக்கா?" என்று கேட்டார். செலின் மாமி எனக்குச் சொன்னதை நான் சொன்னேன். கோயில் படி, மஞ்சள் பாவாடை.

"நீ சொன்னா பத்தாது. நீ அங்க இல்ல. அது அவனுக்க வாயில இருந்து வரணும்."

"வரச்சொல்லட்டுமா?"

"நான் வரச்சொன்னேன்னு எழுதப்பிடாது." பிறகு, "என்ன மொகத்த வச்சிக்கிட்டு நான் வரச்சொல்லுவேன்?" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அவர் சொன்னபடியே, அவர் வரச்சொன்னதாக நான் எழுதவில்லை.

ஆகையால் இதுதான் உன்னிடம் கேட்கப்படப்போவது. நீ வந்து, அவருக்கு அருகில் உட்கார்ந்து, ஐஸ் கம்பெனி மாடியில் அவரிடம் சொன்னதை ஒரு தடவை அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். சாகப்போகிற மனிதனுக்காகப் பொய் சொல்லச் சொல்கிறாயா என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். இல்லை. அவள் படியில் ஏறினாள் என்று நீ இன்று சொன்னால் அது பொய். அது உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அவருக்கு அது வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ அவரிடம் சொன்னாய், அவர் கேட்டார், உன்னைத் தூக்கினார். இது நடந்தது. புதன்கிழமை நீ சொன்னது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை. "அப்பா, அண்ணைக்கி நான் ஒங்கள்ட்ட இப்பிடிச் சொன்னேன்" என்று தொடங்கி, அன்று சொன்ன வார்த்தைகளைச் சொல். அதற்குள் அவர் எதை எடுத்துக்கொள்வார், அதற்குப் பிறகு உன்னிடம் ஒரு வார்த்தை பேசுவாரா, எனக்குத் தெரியாது. பேசுவார் என்று உனக்கு ஆசை காட்ட மாட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளக்கூடும். அதைச் சொல்லும்போது உனக்கு என்ன ஆகும் என்பதையும் நான் யோசித்தேன். அந்தத் தண்ணீருக்குள் நீ மறுபடியும் இறங்க வேண்டியிருக்கும். பெற்றவள் பிள்ளையிடம் கேட்கக்கூடாத ஒன்று அது. முடியாது என்று நீ சொன்னால் நான் இன்னொரு தடவை கேட்க மாட்டேன், அதற்காக உன்னை ஒருநாளும் குறைசொல்லவும் மாட்டேன்.

தரவுத்தளக்காரர்களுக்கு இன்னும் தீராத ஒரு தொல்லை உண்டு. இன்னும் முடியாத செய்திக்கு 'எப்போது வரை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? சிலர் யாரும் உயிரோடு பார்க்கப்போகாத ஏதோ ஒரு தூரத்துத் தேதியைப் போட்டுவைப்பார்கள். சிலர் 'இப்போது' என்று பொருள்படும் ஒரு குறியை வைப்பார்கள். அந்தக் குறி ஒவ்வொரு நாளும் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும், யாராவது வந்து வரியை மூடும் வரைக்கும். நான் எழுதும் நாள் வேறு, இது அச்சாகி உன் கைக்கு வரும் நாள் வேறு. நடுவே எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. அதனால் நாளையைப் பற்றி எதுவும் எழுதவில்லை. இரண்டு நாளாக அவருக்குப் பேச்சு குழறுகிறது. சாப்பாடு ஏறக்குறைய நின்றுவிட்டது. இதை நான் எழுதும் இன்று, உன் அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது.